ஆறு மாதம் வராதவரின் நாற்காலி

ஃபாக்லாந்து தீவு

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். போன வாரம் துறைமுகக் கட்டுமான வேலையில் சாரத்திலிருந்து சறுக்கினேன். ஒரு விரல் வீங்கியதோடு சரி, பயப்படாதே.

உன் கடிதம் மூன்று வரி. கூடவே வந்த நம் ஊராட்சி மன்றக் கூட்டக் குறிப்பு நான்கு பக்கம். அறைத் தோழன் டெரிக் எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, இது பொண்டாட்டி எழுதுனதா, மன்றச் செயலர் எழுதுனதா?" என்றான். இரண்டும் நீதானே.

என் உறுப்பினர் பதவி போனதை அதில்தான் படித்தேன். ஆறு மாதம் கூட்டத்துக்கு வராதவரின் இடம் காலி என்ற விதி எனக்கும் தெரியும். அதற்குள் ஒரு விடுப்புக் கடிதம் அனுப்பி மன்றம் ஒப்புதல் தந்திருந்தால் இடம் தப்பியிருக்கும், மறந்துவிட்டேன். தேதி தெரிந்த நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

அந்த இடத்துக்குக் கிளைவ் பென்ஃபோல்டா? என்னை வழியனுப்ப வந்தபோதே, "நீ போய்ட்டு வாப்பா, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்றவன். குறிப்பு முழுக்க அவன்தான்: பேருந்து நிழற்குடைக்கு வண்ணம் அடித்தது அவன். செயலரோடு வயல் பாதைகளைப் பார்வையிட்டது அவன். அதற்கு எதற்கு இரண்டு பேர்? "செயலருக்கு நன்றி" என்று முன்மொழிந்ததும் அவன்தான், எழுதிக்கொண்டது நீ.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. எனக்கென்று ஒரு பக்கமாவது எழுது. தபால் வண்டி கிளம்புகிறது.

இத்துடன் ஒரு விடுப்புக் கடிதம் வைத்திருக்கிறேன். அது மன்றத்துக்கு இல்லை, உனக்கு. தாமதம்தான், ஆனாலும் ஒப்புதல் கொடு. நம் சமையலறையில் என் நாற்காலி நான் வரும்வரை காலியாகவே இருக்கட்டும்.

உன்
வில்ஃப்ரட்