ஆம்பளை மெசினின் பெல்ட்

அன்புள்ள அம்மா,

கூடைக் கயிற்றைக் கழற்றிவிட்டு மண்ணுக்குள் நிம்மதியாகப் படுத்திருக்கிற உனக்கு, மலையிலேயே நிற்கிற உன் மகள் எழுதுகிறேன்.

ஹாலிஎல பக்கத்து நம் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து வெட்டும் மெசின் வந்திருக்கிறது. முதுகில் பேட்டரி, இடுப்பில் பெல்ட். கொழுந்து காலங்காலமாகப் பொம்பளை வேலை இல்லையா? மெசின் வந்த அன்றே அது ஆம்பளை வேலையாகிவிட்டது. வெட்டிய கொழுந்தைப் பின்னால் கூடையில் சுமக்க ஒருத்தி போதுமாம். மற்றவர்கள் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

"இது பாரம். பொம்பளைங்களுக்கு ஒத்துவராது" என்றார் கங்காணி.

பாரமா? தம்பியை வயிற்றில் வைத்துக்கொண்டு, ஈரக் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி மலை இறங்கினாயே, அன்றைக்கு யார் வந்து பாரம் என்றார்கள்? கயிறு பதிந்த உச்சியில் உனக்குக் கடைசிவரை முடி முளைக்கவில்லை.

மாட்டித்தான் பார்ப்போமே என்று வாங்கி மாட்டினேன். கடைசி ஓட்டையிலும் நிற்காமல் பெல்ட் வழுக்கியது. எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கணம் என் உடம்பின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகு அந்தச் சந்தேகத்தைப் பெல்ட்டின் பக்கம் திருப்பினேன். இதைச் செய்தவன் யார் இடுப்பை நினைத்துச் செய்தான்?

தேத்தண்ணி நேரத்தில் ஓர் ஆணியை நெருப்பில் பழுக்கவைத்து, கடைசி ஓட்டைக்கும் உள்ளே தள்ளி இன்னொரு ஓட்டை போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது, அம்மா! ஒரு நிரை முழுவதும் வெட்டிக் காட்டினேன்.

கங்காணி வெட்டிய நிரையை நடந்து பார்த்தார். "அட, லேசாத்தான் இருக்குபோல. அப்ப கூடையையும் நீயே சேத்துத் தூக்கிக்க."

கேட்டாயா? அவர்கள் மாட்டினால் பாரம், நாம் மாட்டினால் லேசு.

"மாட்டேங்க" என்றேன். "ஆம்பளைங்க வெட்டுனா நாங்க சுமக்குறோம்ல? நாங்க வெட்டுனா அவுங்க சுமக்கட்டும்."

நாளைக்குக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் சொல்கிறேன் என்று போய்விட்டார். எனக்கு நம்பிக்கை இல்லை. விடிவதற்குள் வேறு பெல்ட் மாற்றிவிட்டாலும் மாற்றுவார்கள். அந்த ஆணியை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன்.

எந்தப் பெல்ட்டைக் கொண்டுவந்தாலும் ஓட்டை போடுவேன். உன் உச்சியைத் தேய்த்த கயிறு இனி என் தலையில் ஏறாது. இது உன்மேல் சத்தியம்.

உன் தலைக்கு எண்ணெய் தடவிவிட்ட மூத்த மகள்,
மேகலா