அச்சுக்கு நான் ஊற்றிய தண்ணீர்

மருதமுனை
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் நுஸ்ஹாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், மாலைதீவில் நீயும் உன்னிடம் படிக்கிற பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலி குறைவு, ஆனால் குறைந்துவிட்டது என்று நான் சொன்னால் அவவுக்குக் கோபம் வருகிறது. கிணற்றடி மாதுளை காய்த்திருக்கிறது, அணில் மிச்சம் வைத்தால் நாங்களும் தின்னலாம். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற வாப்பாவுக்கு ஏன் இந்தக் கடிதம் என்று நினைப்பாய். முகம் பார்த்துச் சொல்ல முடியவில்லை மகள், நாலு தரம் வாயெடுத்து நாலு தரமும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

விஷயம் மருமகன் றிப்தியின் கைக் காயம். அவர் செய்கிற வேலை உனக்குத் தெரியும், தூண்டில்காரர் இரையாக மாட்டி, கிழிந்துபோனதென்று வீசுகிற ரப்பர் மீன்களைப் பொறுக்கி உருக்கி, பிளாஸ்டர் மாவைக் குழைத்துத் தானே செய்த அச்சில் ஊற்றிப் புதிது வார்க்கிறார். கொடுவா மீன் அதை உயிருள்ளது என்று நம்பிக் கடிக்கிறதாம், பெரியநீலாவணையில் இருந்தெல்லாம் கேட்டு வருகிறார்கள். அச்சை நன்றாகக் காயவைத்து, பலகை ஒட்டுகிற வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து உள்ளுக்குள் பூசி, அது காய்ந்த பிறகு மறுபடியும் பூசுவார், பூசாவிட்டால் ரப்பர் பிளாஸ்டரில் ஒட்டிக்கொள்ளும், மீனும் சொரசொரப்பாக வரும் என்பார். அன்று இறால் வடிவத்தில் பெரிய அச்சு ஒன்று செய்து, முற்றத்து வெயிலில் வைத்துவிட்டு, பசை வாங்கக் கல்முனைக்குப் போனார்.

நானோ காலமெல்லாம் மேசன் வேலை செய்தவன். கொங்கிரீட் போட்டால் சாக்கை நனைத்துப் போட்டு நாள் கணக்கில் தண்ணீர் விட வேண்டும், தண்ணீர் குடித்தால்தான் அது இறுகும், இது எனக்குக் கையில் ஊறிப்போன பழக்கம். அந்த அச்சு வெயிலில் வெளுத்துக் கிடந்ததைக் கண்டதும் பொறுக்கவில்லை, இவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பும் வந்தது. வாளியில் தண்ணீர் நிரப்பி அச்சின் இரண்டு பாதியையும் அமிழ்த்தி வைத்தேன். அஸர் தொழுகைக்குப் போகுமுன் எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அச்சு கல்லாக வந்த பிறகு சொல்லிப் பெயர் வாங்கலாம் என்று நினைத்தேன், என் புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் மேலே தொட்டால் காய்ந்துதான் இருந்தது. அவர் நம்பிப் பசை பூசினார், உள்ளே இருந்த ஈரத்துக்கு வெளியே வர வழியில்லாமல் போயிற்று. பின்னேரம் கொதிக்கிற ரப்பரை ஊற்றினதும் அச்சு பொரிந்து சீறி, அவ்வளவும் அவருடைய கையில் தெறித்தது. மணிக்கட்டில் இருந்து முழங்கை வரைக்கும் மகள். உம்மா தண்ணீரோடு ஓடி வந்தா, பக்கத்து வீட்டு ஸப்ரி மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. விளங்கியும் நான் வேலியில் கூடி நின்ற ஆட்களிடம், "நான் அப்பவே சொன்னன், இந்த விளையாட்டெல்லாம் வேணாம் என்டு" என்று சத்தமாகச் சொன்னேன். அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு நீ போனில் என்ன நடந்தது என்று அழுதபோதும், "அவசரப்பட்டுட்டாரு மகள்" என்றேன். அவர் துணி சுற்றிய கையோடு எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். நீ அவரை எவ்வளவு ஏசினாய் என்று உனக்கே தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம், என்ட பிழதான்" என்றார்.

அவருக்குத் தெரியாது என்றுதான் நான் முதலில் தேற்றிக்கொண்டேன். அடுத்த நாள் அந்த அச்சை அவர் கொல்லையில் வைத்து உடைத்ததை யன்னலால் பார்த்தேன். உள்ளே ஈரமாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தார், பிறகு வாளியைப் பார்த்தார், அதன் உள்விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒற்றைக் கையால் அந்த வாளியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, உள்ளே வந்து என்னிடம், "மாமா, தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஓம் என்று பொய் சொன்னேன், அன்று தேநீரும் குடிக்கவில்லை.

நம் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருக்கிறவர். இது உனக்கு எழுதித் தந்த வீடு, ஆனால் இந்தச் சுவர் நான் கட்டினது, அந்தக் கதவு நிலை நான் வைத்தது என்று நாளுக்குப் பத்துத் தரம் சொல்லிக் காட்டுகிறவன் நான். இங்கே இருந்துகொண்டு என்னைப் பிழை சொல்ல அவருக்கு வாய் வராது. அது தெரிந்துதான் நானும் அவருக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். வெட்கமாக இருக்கிறது மகள், இந்த வயதில் இமாமுக்குப் பின்னால் முதல் வரிசையில் நிற்கவும் கூச்சமாக இருக்கிறது.

இப்போது உன் பேச்சைக் கேட்டு அச்சுகளை எல்லாம் சாக்கில் கட்டிவிட்டார். அங்கே ஹோட்டல் களஞ்சியத்தில் நீ பார்த்து வைத்த வேலைக்கு வருவதற்கு பாஸ்போர்ட் படமும் எடுத்துவிட்டார். படத்தில் சிரிப்பே இல்லை. அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லு. போக அவருக்கே விருப்பம் இருந்தால் போகட்டும், செய்யாத பிழைக்காகப் போக வேண்டாம். உன் புருஷன் அவசரக்காரன் இல்லை. அவரை ஏசினதற்கு நீ மன்னிப்புக் கேள், உன்னை ஏச வைத்ததற்கு நான் உன்னிடம் கேட்கிறேன். காயம் ஆறி வருகிறது, தோல் மட்டும் நிறம் மாறியிருக்கிறது, போனில் அந்தக் கையைக் காட்டச் சொல்லிப் பார்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் ஒருவர் மேல் ஒருவருக்கு இரக்கத்தையும் தருவானாக. நேரத்துக்குச் சாப்பிடு, கடல் காற்றில் ஈரத் தலையோடு நிற்காதே. இன்னொரு விஷயம், எனக்கு இதைப் போனில் படம் எடுத்து அனுப்பத் தெரியாது, உம்மாவுக்கும் தெரியாது. அதனால் மடிக்காமல் மருமகனின் கையில்தான் கொடுக்கப் போகிறேன், அவர் படித்துவிட்டு அனுப்பட்டும். மொத்தம் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். சுகம் விசாரித்த முதல் பக்கம் மட்டும் வந்தால் மற்றதையும் கேட்டு வாங்கு, என் மானத்துக்காக அவர் அதையும் மறைத்துவிடுவார்.

உன் வாப்பா,
சீனிமுகம்மது