ஒராள் பாரம்

ஸ்ட்ரெதம்
ஜனவரி 1993

இஞ்சாருங்கோ,

ஆழமான பனியில் உங்கள் பனிவண்டி மூக்குக் குத்தி நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் வேலை செய்யும் மோட்டார்சைக்கிள் கராஜில் சூசைதாசன் அண்ணையிடம் நீங்கள் அனுப்பிய படத்தைக் காட்டினேன்.

"பின் ஸ்பிரிங்கை ரெண்டு பேருக்கு இறுக்கி வைச்சிருக்கிறார், தங்கச்சி. தனிய ஓடேக்கை பின்பக்கம் பதியாது. பாரமெல்லாம் முன்னுக்குப் போய் சறுக்குற ஸ்கீக் கட்டை பனிக்குள்ளை குத்தும்," என்றார்.

ஏன் இறுக்கினீர்கள் என்று எனக்குத் தெரியும். பின் சீற்றுக்கு நீங்கள் போட்ட கம்பளி உறையும் படத்தில் தெரிகிறது.

நான் உங்களிடம் வருவதற்கான கனடா விசா போன மாதமே வந்துவிட்டது. அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

கராஜ் சாவி இப்போது என்னிடம்தான். காலையில் நான்தான் திறக்கிறேன். ஸ்பிரிங் மாற்றவும் பழகிவிட்டேன். அதனால் இதை அண்ணை சொல்லி எழுதவில்லை, நானே எழுதுகிறேன்.

முன்பக்கத்தைப் பிடித்திருக்கும் பட்டியை ஒரு துளை இளக்கி விடுங்கோ. வண்டி மூக்கைத் தூக்கும். வேலை செய்யும்போது கையுறையைக் கழற்றாதையுங்கோ, குளிர் விரலைத் தின்றுவிடும்.

பின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, ஒராள் பாரத்துக்கு வையுங்கோ. இனி அதை மாற்ற வேண்டி வராது.

இப்படிக்கு,
நான்