அப்பாவோடு ஜப்பானுக்கு

பாலகுமார்,

நீங்கள் நைட் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் நானும் அப்பாவும் ஏர்போர்ட் போயிருப்போம். இட்லி மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது. சாம்பாரைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

வேலைக்கு வரும் யசோதாம்மாவிடம் இன்று வீடு பெருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பயணம் கிளம்பியவர்கள் போய்ச் சேரும்வரை பெருக்கக்கூடாதாம், அப்பாவின் கட்டளை. கன்னடத்தில் "இவத்து பேட" என்றால் போதும், அவருக்குப் புரியும்.

அடுகோடி பட்டறையில் ரிட்டயர் ஆகும்வரை அப்பா ஓட்டிய லேத் மிஷின் ஜப்பானில் செய்தது. அந்த ஊரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த வயசுல எதுக்கு, போன்லயே பாத்துக்கலாமே" என்று ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னது அடுத்த அறையில் இருந்த அவர் காதில் விழுந்தது.

இப்போது பெட்டியை மூடும்போது, "மாப்பிள்ளைக்கு என்னம்மா வாங்கலாம்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாம்ப்பா. அவர் போன்லயே பாத்துக்குவார்" என்றேன்.

வித்யா

வாசலில் உங்கள் செருப்பு இடம் மாறியிருந்தால் யசோதாம்மாவைக் கேட்காதீர்கள். அப்பாதான் எடுத்தார். நூல் வைத்து அளந்து, முடிச்சுப் போட்டு, பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்திருக்கிறார்.