கரடி பேசிய தமிழ்

அப்பா,

அஸ்தினாபுரத்தில் பல் டாக்டருக்காகக் காத்திருந்தேன். சுவரில் மாட்டியிருந்த டிவியில் குழந்தைகளுக்கான கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு பெரிய வாத்தும் ஒரு சின்ன வாத்தும் அம்மா வாத்தின் முன்னால் நின்று ஏதோ பஞ்சாயத்து. பக்கத்து நாற்காலியில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த சின்னப்பெண் என் கையைச் சுரண்டி, "ஆன்ட்டி, அந்தப் பெருசு இன்னா சொல்லுது?" என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. "எனுக்கு மட்டும் ஏன் கம்மியா கீதுன்னு கேக்குது" என்றேன். வீங்கின கன்னத்தோடு அவள் சிரித்தாள். என் வாயிலிருந்து வந்ததை அப்போதுதான் நானே கேட்டேன். அது உங்கள் குரல். அதை எடுத்துப் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே என் முறை வரும்வரை தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

முடிச்சூர் ரோட்டில் நாம் குடியிருந்த அந்த வீட்டின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளை டிவி. தெருப்பிள்ளைகள் பாதிப்பேர் பல்கூடத் துலக்காமல் வந்து தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். டிவி எல்லார் வீட்டிலும் மெல்ல வர ஆரம்பித்திருந்தது. ஆனாலும் நம் வீட்டுக்குத்தான் வருவார்கள், ஏனென்றால் கார்ட்டூன் ஹிந்தியில் வந்தது; ஹிந்தி தெரிந்த ஒரே ஆள் நீங்கள். குரோம்பேட்டை தோல் கம்பெனியில் கிளார்க்காக இருந்த நீங்கள் வேலை விஷயமாக ஆறு மாதம் கான்பூரில் இருந்துவிட்டு வந்தவர். தெருவுக்கு அது போதும். எனக்கும் போதும்.

இரண்டு கரடிக்குட்டிகளும் தொப்பி வைத்த ஓர் அப்பாக் கரடியும் வரும் தொடர் அது. கரடிகள் வாயைத் திறந்தவுடன் நீங்கள் தமிழில் பேச ஆரம்பிப்பீர்கள். பெரிய குட்டிக்கு மெட்ராஸ் பாஷை. "இன்னா நைனா, சின்னவனுக்கு மட்டும் தேன் ரொப்பிக் குட்த்துகீறே?" என்று அது கேட்கும்போது பிள்ளைகள் தரையில் புரண்டு சிரிப்பார்கள். சின்னக் குட்டிக்கு மெல்லிய குரல். அப்பாக் கரடிக்கு மூக்கால் பேசுகிற குரல். கதை மட்டும் வாராவாரம் ஏறக்குறைய ஒன்றுதான். பெரியதுக்கு வயிற்றெரிச்சல். சின்னதின் பம்பரத்தை ஏரியில் வீசும், சிலேட்டை அரிசி டின்னில் ஒளித்து வைக்கும். கடைசியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, "தப்புதாண்டா சின்னவனே, மன்சுல வெச்சுக்காதே" என்று சொல்லும். அப்பாக் கரடி இரண்டையும் பார்த்து "சபாஷ்" என்று சொல்லிச் சாப்பிடக் கூப்பிடும்.

முடிந்ததும் டிவிக் கதவைச் சாத்திவிட்டு, "என்ன புரிஞ்சுது?" என்று கேட்பீர்கள். என்னைப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று எனக்கு முடிவாகத் தெரியும். நான் பெரியவள். எனக்குப் பின்னால் பிறந்த ஹேமா அழகு, வாயாடி, எல்லார் மடியிலும் ஏறுகிறவள். அவள் பென்சிலைச் சீவினாலே உங்களுக்குச் சபாஷ்தான். எனக்குக் கிடைப்பதெல்லாம் "பரவாயில்லை." கரடியைப் பார்த்துத் திருந்திக் காட்டலாம் என்று பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். என் தட்டிலிருந்த முந்திரியைப் பொறுக்கி அவள் தட்டில் போட்டேன். போட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பேன். நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம்தான் ஹிந்தி கிளாஸில் சேர்ந்தேன். அந்தச் சமயத்தில்தான் நம் பேட்டைப் பெண்கள் சாயங்காலமானால் ஹிந்தி பரீட்சைக்குப் படிக்கப் போக ஆரம்பித்திருந்தார்கள். நான் போனதற்குக் காரணம் நீங்கள். உங்களுக்குத் தெரிந்த பாஷை எனக்கும் தெரிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் பக்கத்தில் உட்கார ஹேமாவால் முடியாது, என்னால் முடியும் என்று கணக்குப் போட்டேன். முதல் பரீட்சையில் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது உங்கள் முகம் ஏனோ சுருங்கியது. "பரவாயில்லை" என்றீர்கள். வழக்கம்போலத்தானே என்று எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் எனக்கு விளங்க ஆரம்பித்தது. கரடிகள் பேசியதற்கும் நீங்கள் பேசியதற்கும் சம்பந்தமே இல்லை. அவற்றுக்குள் பொறாமையும் இல்லை, மன்னிப்பும் இல்லை. நீங்கள் வாராவாரம் விட்டது முழுக்க உங்கள் சொந்தக் கற்பனை. அதைக் கேட்டு இன்றைக்குச் சிரிக்கலாம். அன்றைக்கு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அப்படியென்றால் அந்தப் பெரிய கரடியை ஹிந்திக்காரர்கள் கெட்டதாக்கவில்லை, அப்பாதான் ஆக்கினார், என்னைக் குத்திக்காட்டவே உட்கார்ந்து யோசித்து ஆக்கினார் என்று தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். ஹேமா உங்கள் மடியில். பெரிய குட்டி சின்னதின் சாப்பாட்டைத் திருடிவிட்டது என்று நீங்கள் ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் எழுந்து நின்றேன்.

"அதுங்க படகைக் காணோம்னு தேடுதுங்கப்பா. ரெண்டும் சேர்ந்துதான் தேடுது. சாப்பாடே கிடையாது. உங்களுக்கு ஹிந்தி தெரியாது."

யாரோ ஒரு பையன் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஹேமா மட்டும் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்குத் தெரியும், தெரியும் என்று அழுதாள். நீங்கள் அவளை இறக்கிவிட்டீர்கள். என் தலையில் கையை வைத்தீர்கள். "சபாஷ்டி பெரியவளே. இனிமே நீயே சொல்லு" என்றீர்கள். ஒயர்கூடையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

அன்று முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். சொல்லவே நாக்கூசுகிறது, ஆனால் இருந்தேன். தலையில் உங்கள் கை பட்ட இடத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அடுத்த வாரத்திலிருந்து நான்தான் சொன்னேன், ஒரு வார்த்தை பிசகாமல். பிள்ளைகள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காய்கறியை விடவே இல்லை. மழையிலும் போனீர்கள்.

பெரிய கரடி என்னைப் பற்றியது இல்லை என்பது நீங்கள் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. காரியத்தன்று செம்பாக்கத்திலிருந்து சித்தப்பா வந்திருந்தார். தண்டவாளத்தைத் தாண்டினால் அவர் வீடு. ஆனாலும் உடன்பிறந்த அண்ணனுக்கும் தம்பிக்கும் பேசாமலே வயதாகிவிட்டது. ஏதோ ஒரு கல்யாணத்தில், ஊர் கூடியிருக்கும்போது, "எனக்குப் பிள்ளைன்னா அது சின்னவன்தான்" என்று தாத்தா சொல்லிவிட்டாராம். அன்றோடு நீங்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்தியது அம்மா சொல்லி எங்களுக்குத் தெரியும். பெரியவர்கள் சண்டை என்று நாங்கள் அதை யோசித்ததே இல்லை.

சாப்பாடு முடிந்து, அழுதுகொண்டிருந்த குழந்தைகளைச் சிரிக்க வைக்க ஹேமா உங்கள் கரடிக் கதையை எடுத்தாள். அவளுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறது, அப்பா. பம்பரம், ஏரி, சிலேட்டு, அரிசி டின். பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இதை யார் சொன்னது என்று கேட்டார். அப்பாதான் என்றாள் ஹேமா, வாராவாரம் சொல்வார் என்றாள்.

"அது என் பம்பரம்மா" என்றார் சித்தப்பா. "ஏரியில வீசினது எங்கண்ணன்தான். சிலேட்டை ஒளிச்சு வெச்சதும் அவன்தான். எல்லாம் நடந்தது. வந்து தப்புன்னு சொன்னான் பாரு, அது ஒண்ணுதான் நடக்கலை."

வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அவர் அழுதார். ஹேமா அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். நான் தூணோரமாக நின்றேன்.

எல்லாம் புரிந்துவிட்டது. நேரில் போய்ச் சொல்ல முடியாததை வாராவாரம் ஒரு கரடியின் வாயில் வைத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்கள். தாத்தா சொல்லாத சபாஷைத் தொப்பி வைத்த கரடியை விட்டுச் சொல்லவைத்திருக்கிறீர்கள். இன்னும் கொஞ்ச காலம் உங்களைப் பேச விட்டிருந்தால் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒயர்கூடையோடு செம்பாக்கத்துக்கே போயிருப்பீர்களோ என்னவோ. நான்தான் உங்கள் வாயை அடைத்தேன். சரியான ஹிந்தியால் அடைத்தேன்.

ஆனால் தூணோரம் நின்றபோது எனக்கு முதலில் வந்தது இந்த வருத்தம் இல்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அத்தனை வருடமும், திட்டுவதற்காகவாவது என் அப்பா ஞாயிறுதோறும் என்னையே நினைத்துக்கொண்டிருந்தார் என்று நம்பியிருந்தேன். அதுவும் என்னைப் பற்றி இல்லையா என்றுதான் முதலில் நினைத்தேன். அழுகிற அந்தக் கிழவரைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது, அப்பா.

பிறகு போய் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். இப்போது மாதம் ஒருமுறை செம்பாக்கம் போய்வருகிறேன். ஹேமாவும் வருவாள்; அவர் அவளிடம்தான் அதிகம் பேசுகிறார். நான் வளர்ந்துவிட்டேன் என்று உங்களுக்கு எழுதத்தான் ஆசை. வாழ்நாளில் நீங்கள் எனக்குச் சொன்ன சபாஷ் ஒன்றே ஒன்று. உங்களை அத்தனை பேர் நடுவில் தலைகுனிய வைத்து வாங்கியது. அதை நினைக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது. நினைக்கும்போதெல்லாம் இனிக்கவும் செய்கிறது.