லாஷாவின் தாழி

அன்பு மகள் தேயாவுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். தெசலோனிகியில் நீ பார்த்துக்கொள்ளும் பாட்டியம்மா உன்னைத் தூங்க விடுகிறாரா? இங்கே அறுவடை முடிந்தது, சபெராவித் திராட்சை இந்த வருஷம் நல்ல கறுப்பு, அம்மாவின் விரல்களில் இன்னும் சாயம் போகவில்லை. ஊரில் சபெராவித் திருவிழாவும் முடிந்தது. விருந்துக்குத் தலைவர் நம் பக்கத்து வீட்டு ஷால்வாதான். உன் அண்ணன் லாஷா பிறந்தபோது அவன் கல்யாணத்துக்கென்று நான் மது நிரப்பி மண்ணில் புதைத்த தாழியைத் திருவிழாவில் திறக்க வேண்டும் என்று நச்சரித்தான். "வாத்தியாரே, அம்பது வருஷத்துச் சரக்கு! ஊருக்கு ரெண்டு வாய் குடுத்தா செத்தா போயிடுவீங்க?" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். முப்பது வருஷத்துக்கு முன் சுகுமிச் சண்டைக்குப் போன லாஷா திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இறந்தவர்களுக்குக் கோப்பை எடுத்து எல்லோரும் ரொட்டியில் மது சிந்தும்போது அவன் பெயருக்கு நான் ஒரு துளிகூட விட்டதில்லை, உனக்குத் தெரியும்.

எனக்கு மறுத்துப் பேச வருவதில்லை. திறந்தால் புளித்திருக்குமோ என்ற சந்தேகம் வேறு. திருவிழாவுக்கு முந்தின ஞாயிறன்று அம்மா கோவிலுக்குப் போனதும் மூடிமேல் பூசிய களிமண்ணைச் சுரண்டிக் கல்லை நகர்த்தி, நீளக் காம்புச் சுரைக்குடுவையை இறக்கினேன். காலியாக வந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தேன், தாழியின் வயிற்றில் ஒரு விரிசல். எப்போது விழுந்ததோ, அத்தனையையும் மண் குடித்திருக்கிறது. நான் சிந்த மறுத்ததை மண் தானே எடுத்துக்கொண்டதா? சின்ன வயதில் மற்ற தாழிகளுக்குள் இறங்கிக் கழுவும்போது அவன் பாடுவானே. குனிந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல்தான் திரும்பியிருக்க வேண்டும், ஆனால் அதில் வயது குறைந்திருந்தது.

புதுக்களிமண் குழைத்து, பழையபடியே மூடிவிட்டேன். திருவிழாவில் எல்லோர் முன்னும் எழுந்து நின்று, மாப்பிள்ளை வராமல் தாழி திறக்காது என்று சொன்னேன். ஷால்வா, "வாத்தியாருக்குக் குரல் இருக்குடா!" என்று கத்தினான், பிறகு என் தோளில் கைவைத்து அழுதான். அன்றும் ரொட்டியில் நான் எதுவும் சிந்தவில்லை.

செய்தது சரியா என்று தெரியவில்லை, நீ சொல்லு. களிமண் காய்ந்தால் மது கெடும் என்று அம்மா இன்று காலையும் மூடிக்கு நீர் தெளித்தாள். செம்பை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். போனில் அவளிடம் எதையும் சொல்லிவிடாதே. தாழி பத்திரமா என்று மட்டும் கேள், அவளுக்குச் சந்தோஷம்.

புனித நீனோ உன்னைக் காக்கட்டும். குளிர்காலம் வருகிறது, காலுறை போட்டுக்கொள்.

உன் அப்பா,
அர்ச்சில்