பூஜ்யம் அழுத்தமாட்டேன்

என் அன்பு மகள் பூஜ்யத்துக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் மாடியில் அத்தையும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதுவதுதான் வழக்கம், ஆனால் நீ சுகமாக இல்லை என்று உன் கடிதமே சொல்கிறது, அதனால் சீக்கிரம் சுகமாக வேண்டும் என்று எழுதி ஆரம்பிக்கிறேன். அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, படி இறங்குவதில்லையே தவிர அவள் வாய் மட்டும் தெருமுனை வரை போய்த் திரும்புகிறது. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்ததே, அதை நானே கழற்றி வாஷர் மாற்றினேன், இப்போது முன்பைவிட நன்றாகச் சொட்டுகிறது. எதிர்வீட்டுப் பல் டாக்டர் உன்னை விசாரித்தார். அவர் மனதில் இன்னும் நீ ஆழ்துளைக் கிணறு தோண்டும் கம்பெனியில் பெரிய அதிகாரி. அது உன் அம்மா செய்த வேலை. கருந்துளை ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நீ ஃபோனில் சொன்னது அவள் காதில் ஆழ்துளை என்று விழுந்து, தெரு முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. போய்த் திருத்திவிட்டு வரட்டுமா என்றேன். வேண்டாம், டாக்டர் தன் வீட்டில் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார், பாவம், நம்பிக்கையோடு இருக்கிறார் என்று தடுத்துவிட்டாள். அவருக்கு இன்றுவரை பதில் போகவில்லை.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். முதலில் படித்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது, மறுபடி படித்தபோது கோபம் வந்தது, அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று இன்று லீவு போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த மாதம் இருபதாம் தேதி அம்மா போய் ஒரு வருடம். வரப்போவதில்லை என்கிறாய். வந்து என்ன ஆகப்போகிறது என்கிறாய். ஆத்மா என்பது பயந்துபோன மனிதர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொண்ட கதை, கருந்துளைக்குள் நட்சத்திரம் விழுந்தாலும் பழைய செருப்பு விழுந்தாலும் வெளியே இருப்பவனுக்கு மிஞ்சுவது எடையும் சுழற்சியும் மின்னூட்டமும்தான், விழுந்தது யார், எப்படிப்பட்டவர் என்பதற்கு அடையாளம் கிடையாது, பிரபஞ்சத்துக்கே அப்படி மறக்கத் தெரியும்போது நாம் எதற்குப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும், அம்மாவின் அலமாரியைக் காலி செய்துவிடுங்கள் அப்பா என்று முடித்திருக்கிறாய். எழுத்து மட்டும் அழகாக இருக்கிறது, உன் அம்மா கையெழுத்து மாதிரியே.

நான் படித்தவன் இல்லை, லாரிகளை எடைமேடையில் ஏற்றி எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பவன். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் எனக்கு வெட்கமும் இல்லை. சிமெண்டு லோடு ஓட்டும் டிரைவர் ஒருவர் இருக்கிறாரே, வண்டி ஓடும் நேரமெல்லாம் ஃபோனில் யாராவது ஒரு பேராசிரியரைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டே வருவாரே, நாங்கள் வானொலி என்று கூப்பிடுவோமே, அவரைப் பிடித்துக் கேட்டேன். பின்னால் மூன்று வண்டி ஹாரன் அடிக்க, என் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னார். நீ எழுதியது சரிதானாம். ஆனால் நீ எழுதாமல் விட்டதும் இருக்கிறதாம். வெளியே நின்று பார்ப்பவன் கண்ணுக்கு, விழுகிறவர் உள்ளே போய் மறைவதே தெரியாதாம், விளிம்பிலேயே நின்றபடி சிவந்து சிவந்து மங்கிக்கொண்டே போவாராம். உள்ளே போனதன் அடையாளம் அடியோடு அழிகிறதா, எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறதா என்பதில் பெரிய பெரிய ஆட்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். அவர்களே தீர்ப்புச் சொல்லாத வழக்கில் நீ மட்டும் அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டாயே, ஏன்? உன் படிப்புச் சாமான்களை வைத்துக்கொண்டு உன் அம்மாவை அடிக்க வருகிறாயே என்றுதான் எனக்குக் கோபம்.

இதைக் கேள். எடை மட்டும் மிஞ்சும் என்றால் அது என் தொழில். முப்பத்தொரு வருடமாக எடையை மட்டும் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன், அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று எனக்குத் தெரியாதா? நீ பிறந்து பத்தாம் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் அம்மா உன்னை என்னிடம் காட்ட எடைமேடைக்கே வந்துவிட்டாள். நானும் சந்தோஷத்தில் உன்னைத் துண்டோடு மேடை நடுவில் கிடத்திவிட்டு உள்ளே ஓடி வந்து சீட்டு அடித்தேன். எங்கள் மிஷின் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணும், நீயோ இரண்டரைக் கிலோ. சரக்கு மகள், நிகர எடை பூஜ்யம் என்று வந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன், உனக்குப் பெயரும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. அவள் சிரிக்கவில்லை. சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னபடியே அலமாரியைக் காலி செய்யலாம் என்று திறந்தேன். ஆமாம், திறந்தேன், உன் பேச்சை அப்படியே தள்ளிவிடவில்லை. மேல்தட்டில் துணிக்கு அடியில் அந்தச் சீட்டு இருந்தது. பூஜ்யத்தைப் பேனாவால் அடித்துவிட்டுப் பக்கத்தில் பொய் என்று எழுதியிருக்கிறாள். எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன்.

நன்றாக இருந்த காலத்தில் அவள் அறுபது காட்டுவாள். சாப்பாட்டு டப்பா கொண்டுவரும்போதெல்லாம் மேடையில் ஏறி நின்று என்ன காட்டுகிறது என்று கேட்பாள், நான் டப்பாவையும் சேர்த்துத்தான் என்று சமாதானம் சொல்வேன். கடைசி வருடம் நாற்பது காட்டியது, அதற்கு நான் சீட்டு அடிக்கவில்லை. இருபது கிலோ போய்விட்டது, ஆனால் அந்த இருபதோடு அவள் குணத்தில் என்ன போயிற்று சொல். ஊசி போட வந்த நர்ஸிடம் முதலில் நீ சாப்பிட்டாயா என்று கேட்டாள். டாக்டர் என்னைத் தனியே அழைத்துப் பேசிவிட்டு வந்ததும், ரகசியம் பேசும்போது கதவைச் சாத்திக்கொள்ளத் தெரியாதா என்று இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள். அறுபதில் இருந்த அதே ஆள்தான் நாற்பதிலும் இருந்தாள், ஒரு குன்றிமணி குறையவில்லை. அந்தக் குறையாததுக்கு என்ன பெயர் என்று உன் புத்தகத்தில் தேடிப் பார். இல்லாவிட்டால் நாங்கள் வைத்த பெயரே இருந்துவிட்டுப் போகட்டும். அது செத்தபிறகு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி உன்னிடம் நடிக்கவும் மாட்டேன். எடை போட முடியாததால் அது இல்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

ஒன்று மனதில் படுகிறது, தப்பாக இருந்தால் அடுத்த கடிதத்தில் திட்டு. விமானம் கிடைக்காமல் நீ இரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்தாய். அம்மா எங்கேயும் இல்லை என்று ஆகிவிட்டால் அந்த இரண்டு நாளுக்கு யாரிடமும் பதில் சொல்ல வேண்டாம். கருந்துளைக்குள் நீ தள்ளிவிடப் பார்ப்பது அம்மாவையா, அந்த இரண்டு நாளையா? உன் மேல் அவளுக்குக் கோபமே இருக்கவில்லை கண்ணு. பிள்ளை இத்தனை தூரம் வருவதற்குள் நான் அவசரப்படுகிறேனே என்றுதான் அவள் குறைபட்டுக்கொண்டாள், அதுவும் தன்மேல்.

இன்னொரு விஷயம், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ ஹாஸ்டலில் இருந்த வருடம், மழை நாள். தினம் காலையில் முதல் வண்டி வருவதற்கு முன்னால் பூஜ்யம் பட்டனை அழுத்த வேண்டும், மேடையில் தேங்கிய சேறும் தண்ணீரும் வண்டிக் கணக்கில் சேராமல் இருக்க. அன்றைக்குப் பார்த்தால் அறுபது காட்டுகிறது. நல்ல மழை, சேறு அதிகம் போல என்று தலை நிமிராமலே அழுத்திவிட்டேன். சேறு இல்லை, உன் அம்மா. நான் மறந்துவிட்டுப் போன டப்பாவோடு மேடை நடுவில் நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பூஜ்யத்தில் நின்றவள் அலுத்துப்போய் இறங்கி வந்தாள். இறங்கியதும் மிஷின் மைனஸ் அறுபது காட்டியது. ஜன்னலில் எட்டிப் பார்த்து, எண்ணுக்கு முன்னால் என்ன கோடு என்று கேட்டாள். மைனஸ், ஒன்றுமில்லாததற்கும் கீழே என்றேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "பார்த்துக்குங்க, நான் இறங்கிட்டா உங்க மேடை சும்மா ஆகாது, சும்மாவுக்கும் கீழே போயிடும்" என்றாள். வெளியே லாரி ஹாரன் அடித்தது. நான் சிரித்துக்கொண்டே மறுபடி பட்டனை அழுத்தினேன், எல்லாம் சரியாகிவிட்டது, வண்டியை ஏற்றினேன்.

பதினொரு மாதமாக இந்த வீடு மைனஸ் அறுபதில் நிற்கிறது. சமையலறையில் நிற்கிறது, மாடிப்படியில் நிற்கிறது, அத்தை பேசிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்துவாளே அங்கே நிற்கிறது. ஒன்றுமே இல்லை என்றால் பூஜ்யம் காட்டியிருக்க வேண்டும். அலமாரியைக் காலி செய், போனது போகட்டும் என்று நீ என்னைப் பட்டனை அழுத்தச் சொல்கிறாய். அழுத்தினால் எல்லாம் சரியாகவே காட்டும், அடுத்த வண்டி ஏறும், அதில் சந்தேகம் இல்லை. அன்றைக்கு ஒரு லாரி ஹாரனுக்குப் பயந்து அழுத்தினேன். இப்போது உன் கருந்துளை அத்தனையும் வரிசையாக வந்து நின்று ஹாரன் அடித்தாலும் அழுத்தமாட்டேன்.

நீ வா. நம்பிக்கையோடு வர வேண்டும் என்று கேட்கவில்லை, சண்டை போட வா, ஆத்மா இல்லை என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வா, அத்தை பதில் சொல்லிக்கொள்வாள். காதை மூடிக்கொண்டு வெளியே போ, அங்கே குளிர் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீ எந்த இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் உன் கண்ணும் மனமும் கலங்காமல் இருக்க அப்பாவின் ஆசீர்வாதம், அம்மாவுடையதையும் சேர்த்துத்தான் அனுப்புகிறேன், வாங்கிக்கொள். மறக்காமல் பத்தொன்பதாம் தேதியே வந்துவிடு, இந்தத் தடவை ஒரு நாள் முன்னதாக. நீ வரும் நேரம் நான் வேலையில் இருந்தால் காத்திருக்க வேண்டாம், அலமாரிச் சாவி அம்மா வைத்த இடத்தில்தான் இருக்கிறது.

இப்படிக்கு
உன் அப்பா